தூக்கி ஊற்றும் கிணறு

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கு ஒரு மரியாதை கொடுத்ததாகிவிடும். நகரியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் வரும். அங்கே மிஷன் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். பெயர் லோயிஸ். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் பள்ளிக்கூடம், அதை ஒட்டி நான் குடியிருக்க ஓர் அறை. என் தாத்தா எந்தத் தெருவிலிருந்து வந்து ஞானஸ்நானம் எடுத்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் சொல்லிவிடுவார்கள்.

எப்படியென்றால், குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெண் ஒருத்தி இறைத்த வாளியைத் தோளுக்கு மேல் தூக்கி, குடத்தில் வாளி பட்டுவிடாமல் மேலேயிருந்து ஊற்றுவாள். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில். சேரிப் பெண்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவார்கள். எனக்குச் சிரித்துக்கொண்டே ஊற்றுவார்கள். படித்தவளுக்குக் கிடைத்த சலுகை அந்தச் சிரிப்பு. தூ.

சித்தூர் ஜில்லாவில் எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்கு என்ற சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எல்லைக்கோடு காகிதத்தில் ஏறியிருந்தது, நிலத்தில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸ் பக்கம் போய்விடுமா என்று டீக்கடையில் தினமும் வாக்குவாதம். கரும்பாலை வைத்திருந்த முனிரத்தினம் இதற்காகவே ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். எல்லைத் தமிழர் பொதுநலச் சங்கம். அவர் தலைவர். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் மனு எழுதத் தெரியும் என்பதால் நான் செயலாளர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கூட்டம் நடக்கும். மற்றவர்களுக்குப் பெரிய ஜமக்காளம், எனக்கு வாசலோரம் தனி நாற்காலி. அதை மரியாதை என்றார்கள்.

ரேஷன் கடைப் பலகையில் தமிழ் வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டில் தமிழ் வேண்டும், பத்திர ஆபீசில் தமிழ் தெரிந்த குமாஸ்தா வேண்டும் என்று சங்கம் கேட்டது. எல்லாம் நியாயமான கோரிக்கைதான், நான் குறை சொல்லவில்லை. கூடவே, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குடிநீர்க் கிணறு வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். ஜமக்காளத்தில் இருந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முனிரத்தினம்தான் அவர்களை அடக்கினார்.

"சேர்த்துக்கினா நல்லதுதான்யா. சேரி கைநாட்டும் நம்ம மனுவுல வந்துடும். எண்ணிக்கைக்கு அவங்களும் தமிழங்கதான."

எண்ணிக்கைக்குத் தமிழர்கள். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மனு பலித்தது. ப்ளாக் ஆபீஸிலிருந்து கிணற்றுக்கு உத்தரவு வந்தது. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்த கூட்டம், நான் மிஷன் வேலையாகச் சித்தூருக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து நடந்தது. திரும்பி வந்து கேட்டால், பெருமாள் கோயில் நந்தவனத்துக்குள், மதிலுக்கு உள்பக்கம் என்றார்கள். அங்கேதான் ஊற்று இருக்கிறதாம். சேரியைச் சேர்ந்த கன்னையாவும் அவன் ஆட்களும் கடப்பாரை போட்டுப் பாறையை உடைத்தார்கள். வெட்டி முடிக்கும்வரை நந்தவனத்துக்குள் அவர்கள் போகலாம், வரலாம், உட்கார்ந்து கூழ் குடிக்கலாம். தண்ணீர் வந்த அன்றைக்கு வாசலில் படல் வைத்துவிட்டார்கள். மதிலுக்கு வெளியே அரசாங்கப் பலகை, தெலுங்கிலும் தமிழிலும்: இக்கிணறு அனைவருக்கும் பொது. தமிழ் வாசகம் நான் எழுதிக் கொடுத்தது.

நான் சும்மா இருக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் கத்தினேன். சட்டம் இருக்கிறது, ஜெயிலுக்குப் போவீர்கள் என்றேன். முனிரத்தினம் யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். தாட்சாயணி என்று ஓர் ஊர்ப் பெண், புருஷன் செத்துச் சோற்றுக்குக் கஷ்டப்படுகிறவள். அவளுக்குச் சங்கம் அரிசி கொடுக்கும். அவள் தினமும் கிணற்றில் இறைத்து, மதில் மேலிருந்து சேரிக் குடங்களுக்கு ஊற்றுவாள்.

"இந்த ஜில்லாவுலயே சேரிக்கு தண்ணி ஊத்தறதுக்குன்னு ஆள் போட்ட ஊரு நம்ம ஊருதான் டீச்சரம்மா. இத்த நீங்க பெருமையா எழுதணும்."

அந்த மனிதர் பரிகாசம் செய்யவில்லை. நிஜமாகவே பெருமைப்பட்டார். 

தாட்சாயணி பாவம், அவளைச் சொல்லி என்ன செய்ய. காலையில் வெயில் ஏறிய பிறகு வருவாள், ஊற்றுவாள், தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்கும் ஒரு கட்டளை. அதனால் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் வருவாள். அந்த நேரத்தில் சேரி ஜனம் முழுவதும் கரும்பு வெட்டில் இருக்கும். வீட்டில் கிழடு கட்டை இருந்தால் குடம் நிரம்பும், இல்லாவிட்டால் இல்லை.

கன்னையாவின் பெண்டாட்டி கமலம்மா வீட்டில் அப்படி யாரும் இல்லை. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறவள். பொழுது சாயத்தான் திரும்புவாள். கரும்புக் கால்வாயில் தேங்கிய தண்ணீரைத்தான் வடிகட்டிக் குடித்தார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. நகரி ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கொடு, இல்லையென்றால் குழந்தை தங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் குடத்தில் பாதியை நான் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு அது எந்த மூலைக்கு.

ஒரு நாள் கமலம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, எனுக்கு யாரும் ஊத்த வாணாம். வேலை முடிஞ்சி வரப்ப ஒரே ஒரு கொடம் நானே சேந்திக்கினு போறேன். யாரையும் தொட மாட்டேன். சங்கத்துல கேட்டு சொல்லுங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அது உன் கிணறு. உன் புருஷன் வெட்டினது."

"அதெல்லாம் செரிதான். உள்ள உடுவாங்களா?"

போலீசுக்குப் போனேன். ஹெட் கான்ஸ்டபிள் என்னை உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, இதமாகப் பேசினார். "ஊரே மதராஸ் ஸ்டேட்டுக்கு போவுதோ இன்னாவோ. இப்ப நான் கேஸ் எழுதிட்டா அத்த அப்பால யாரு நடத்தறது? லைன் போடட்டும்மா, அப்பால வாங்க." சரி என்று, மதராஸுக்கு என்று முடிவான திருத்தணிப் பக்கம் போய் அங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன். உங்கள் ஊர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லையே என்றார். தீண்டாமை ஒழிப்புச் சட்டம் டில்லியில் போட்டது, இரண்டு ராஜ்யத்துக்கும் ஒன்றுதான். ஆனால் எவனுக்கும் கை அழுக்காகக் கூடாது. ஒரு குழந்தை வயிற்றால் போய்ச் சாவதற்கும் எல்லைக்கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஆபீஸ் மனிதர்கள் முகத்தில் ஒரு களைப்பு வரும் பாருங்கள், அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ப்ளாக்கின் புது அதிகாரி கிணற்றைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. பெயர் ஏ. ஜெயச்சந்திரன். முனிரத்தினம் முன்கூட்டியே போய் அழைத்துவிட்டு வந்தார். வழக்கம்போல நேராகக் கேட்காமல், சாருக்குச் சொந்த ஊர் எது என்று ஆரம்பித்திருக்கிறார். திருப்பதி என்றாராம். அப்படியானால் மாடவீதிப் பக்கமா என்று கேட்டதற்கு அதிகாரி லேசாகச் சிரித்தாராம். அவ்வளவுதான். முனிரத்தினத்துக்கு அது போதும். கண்ணாடி, சுத்தமான தெலுங்கு, ஜீப்பு, திருப்பதி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பெருமாள் சன்னதியில் பரம்பரை பாத்தியதை உள்ள பெரிய குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

எனக்கு ஜெயச்சந்திரனைத் தெரியும். ஏ என்றால் அசரியா. திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து, சித்தூர் மிஷன் போர்டிங்கில் சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமந்த அசரியாவின் மகன். அவனும் நானும் ஒரே சாப்பாட்டு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள். முனிரத்தினம் மாடவீதி என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. கிணற்றடியில் நின்று அவனே சொல்லட்டும், கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன்.

கமலம்மாவிடம் மட்டும் சொன்னேன். "வரப்போற ஆபீசர் நம்ம மனுஷன்."

"நெசமாவா?" அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அப்ப என்னை உள்ள இட்டுக்கினு போவாரா?"

"போவார்."

"கொடத்த வெளக்கி வெக்கிறேன்" என்று போனாள். அன்று அவள் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அதிகாரி வந்தார். மாவிலை, மேளம், ரோஜாமாலை, ஒன்றும் குறைவில்லை. சேரிக்காரர்களை மதிலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள். என் நாற்காலி படலுக்குப் பக்கத்தில், உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல். ஜெயச்சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அன்றைய முதல் வாளியை நீங்களே சேந்த வேண்டும் என்று முனிரத்தினம் கயிற்றைக் கையில் கொடுத்தார். சேந்தினான். பெருமாளுக்கு என்று கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். மிச்சத்தை, பெரிய மனிதர் கைபட்ட தண்ணீர் என்று முனிரத்தினம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்து, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. அவனுக்கு வெள்ளி டம்ளரில் கொடுத்தார்கள்.

பிறகு தாட்சாயணியைக் கூப்பிட்டு, ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். ஏதோ புது மிஷினை ஓட்டிக் காட்டுவது போல. அவள் மதில் மேல் ஏறி வாளியைத் தூக்கினாள். கீழே கமலம்மாவின் குடம். தண்ணீர் பாதி உள்ளே, பாதி குழந்தை தலையில். ஜெயச்சந்திரன் அதைப் பார்த்தான். மதிலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சால பாகுந்தி" என்றான். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். எதையும் அவசரப்படாமல், யார் மனமும் புண்படாமல், படிப்படியாகச் செய்கிற கிராமம் என்று ஒரு பிரசங்கமும் செய்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

கமலம்மா கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்பில் ஏறப் போனவனை மறித்தேன். "ஜெயச்சந்திரன், என்னைத் தெரியுதா?"

"மெதுவா பேசு லோயிஸ்."

"உங்க நைனா போர்டிங்குக்குத் தண்ணி சுமந்தாரே, அவரா இருந்தா இன்னிக்கு எங்க நிக்க வெச்சிருப்பாங்க? உள்ளேயா, வெளியேயா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் இன்னாருன்னு சொல்லிட்டா, அப்பால எந்த ஊர்லயும் என்னை உள்ள உட மாட்டாங்க. ஜீப்பு வெளியவே நிக்கும். ரோடு, பள்ளிக்கூடம், எதுவும் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். உனக்குத் தெரியாததா?"

"அந்தக் குழந்தைக்கு அவ்வளவு நாள் இல்லை."

"ரிப்போர்ட் நல்லா எழுதறேன். உன் பேரையும் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஊராரைப் பார்த்து நான் அருவருப்புப்பட்டிருக்கிறேன். அன்று பட்டது வேறு. எங்கள் போர்டிங் கஞ்சியைக் குடித்து வளர்ந்த வாய், வெள்ளி டம்ளரில் ஒரு மிடறு குடித்ததும் எப்படிப் பேசுகிறது. என் பேரைப் போடுகிறானாம். யாருக்கு வேண்டும்.

அடுத்த வாரம் ஜீப்பு டிரைவர் தனியாகச் சிமெண்டு ஏற்றிக்கொண்டு வந்தான். டீக்கடையில் உட்கார்ந்து வெள்ளந்தியாகத் தன் அதிகாரியைப் புகழ்ந்தான். "ஞாயித்துக்கெழமை ஆனா சர்ச்சுக்கு போறவரு. அசரியான்னு அவங்க நைனா, சாமானிய மனுஷன், தண்ணி சொமந்து படிக்க வெச்சாரு. அப்டி பட்டவரு உங்க பெருமாளுக்கு தண்ணி சேந்தி குடுத்தாரே, எவ்ளோ பெரிய மனசு."

டீக்கடையில் ஒருவரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லையாம்.  ஊர் முழுக்க அந்தக் கையால் வாங்கிக் குடித்திருக்கிறது. அதற்குப் பிறகும் தினமும் அதே கிணற்றுத் தண்ணீரில் பொங்கித் தின்றிருக்கிறது.

கோயில் அர்ச்சகர் ஒரு சொம்பு பஞ்சகவ்யம் கிணற்றில் விட்டால் போதும், சுத்தமாகிவிடும் என்றார். முனிரத்தினம் ஒப்பவில்லை. ஒரு மனிதன் தொட்டிருந்தால் ஒரு சொம்பு சரி, ஊரே குடித்திருக்கிறதே என்றார். வீட்டுக்கு ஒரு பங்கு சாணமும் கோமியமும் கொண்டுவரச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். இனி கேட்க வேண்டுமா. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கூடை கொண்டுவந்தால் இவன் இரண்டு. தன் வீடுதான் அதிகச் சுத்தம் என்று காட்ட ஒவ்வொருவனும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கிணற்றில் கொட்டினான். கடைசியில் மாட்டு வண்டியிலேயே வந்தது. எருக்குழியை அப்படியே அள்ளிப் போட்டு வந்த வண்டி. அதற்கு மேல் மஞ்சளைத் தூவி, மந்திரம் சொல்லி, ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். நான் படலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அசரியா மகன் தொட்ட தெளிந்த தண்ணீர் அசுத்தமாம். மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பச்சைக் கரைசலைக் குடிக்கிறார்கள். உவ்வே என்று எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது, அவர்களுக்கு வரவில்லை.

மறுநாள் கிணறு நுரைத்தது. அதற்கு மறுநாள் புழு. நந்தவனத்துப் பக்கம் நடக்க முடியவில்லை. ஊரின் பழைய கிணறு அதற்குள் வற்றிப்போயிருந்தது. சித்திரை வெயில். ஊர்ப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரி நடுவில் தோண்டிய பள்ளத்துக்குப் போனார்கள். சேரிப் பெண்களுக்கும் அதே பள்ளம்தான் மிஞ்சியிருந்தது. அங்கேயும் அவர்களை விரட்டிவிட்டுத்தான் இவர்கள் மொண்டார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அல்லவா. இந்தக் கூத்தில் நான் கொடுத்து வந்த பாதிக் குடமும் நின்றுபோனது. கமலம்மாவின் குழந்தைக்கு நாக்கு வறண்டு வெள்ளையாகப் படிந்திருந்தது.

கிணற்றை இறைத்துத் தூர் வார வேண்டும். அதற்கு ஊரில் எவன் இறங்குவான்? முனிரத்தினம் கன்னையாவுக்கு ஆள் அனுப்பினார்.

நான் ஓடிப்போய்த் தடுத்தேன். "போகாதே கன்னையா. குடிக்க உன்னை விடாத கிணறு, கழுவ மட்டும் நீ வேணுமா? நாறட்டும். அவங்களே இறங்கி அள்ளட்டும்."

கன்னையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "நான் வெட்டின கெணறு டீச்சரம்மா. நாறிக்கினு கெடக்குதுன்னு கேட்டதுலேர்ந்து சோறு எறங்கல." அவன் ஆட்களும் கூடை, மண்வெட்டியோடு கிளம்பினார்கள். கமலம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். எதற்குக் குடம் என்று நான் கேட்கவில்லை.

படல் திறந்திருந்தது. நந்தவனத்துக்குள் நேராகப் போனார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தவர்கள் அல்லவா. நாள் முழுக்கச் சாணிச் சேற்றை இறைத்து இறைத்து வெளியே கொட்டினார்கள். கன்னையா கழுத்துவரை அதில் நின்றான். மேலே வந்து இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் இறங்கினான். ஊர்ப் பெண்கள் மதிலோரம் காலிக் குடங்களோடு வரிசை போட்டுக் காத்திருந்தார்கள், மூக்கில் முந்தானையோடு. வெயில் தாழ்ந்தபோது பாறை தெரிந்தது. கன்னையா அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான். பாறை இடுக்கில் ஊற்று கொப்பளித்து, முழங்கால் அளவுக்குப் பளிங்காகத் தண்ணீர் ஏறியது.

கன்னையா குனிந்தான். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். எல்லோரும் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வயிறு நிறையக் குடித்தான். பிறகு அண்ணாந்து, "கமலா, கொடத்த உடு" என்றான்.

கமலம்மா குடத்தைக் கயிற்றில் கட்டி விட்டாள். அவன் நிரப்பினான், அவள் இழுத்தாள். கிணற்று மேடையிலேயே உட்கார்ந்து, கையில் ஏந்திக் குழந்தைக்குப் புகட்டினாள். குழந்தை சப்பிச் சப்பிக் குடித்தது.

"டேய், இன்னாடா பண்றே, ஏறுடா மேல" என்று முனிரத்தினம் சத்தம் போட்டார்.

"எங்க சேரி கொடம் அத்தினியும் ரொம்பினா ஏறிடறேன் ஐயா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

முனிரத்தினம் கோயில் பக்கம் கையைக் காட்டினார். ஒருவன் போய்ச் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கொட்டியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். அவர் பெண்டாட்டி கிருஷ்ணம்மாதான் குறுக்கே வந்தாள். "மறுபடியும் அத்தக் கொட்டினீங்கன்னா நான் எங்க அம்மா ஊட்டுக்கு பூடுவேன். ஏரிக்கு நடந்து காலு பூடுச்சி. சீக்கிரம் ரொப்பிக்கினு போவட்டும், எங்க கொடம் காஞ்சிக்கினு கெடக்குது."

மனம் மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்குக் கால் வலி, அவ்வளவுதான். ஆனால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அதையே முணுமுணுத்தார்கள். கன்னையா காலை நனைத்த தண்ணீரை அவர்கள் குடித்தாக வேண்டும். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். முனிரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினார். "வேலை செய்யறப்ப தீட்டு கெடையாது. கெணறு வெட்டறப்ப இருந்துச்சா? அந்த மாரிதான் இதுவும்."

எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

கமலம்மா குழந்தை வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப தெனிக்கும் வேலைக்கு வரோம் ஐயா. கெணத்த சுத்தி கூட்டிப் பெருக்கி, சேறு தள்ளிட்டு, ஆளுக்கு ஒரு கொடம் சேந்திக்கினு போறோம். கூலி வாணாம்."

சொன்ன வார்த்தையை அவரால் விழுங்க முடியவில்லை.  "மம்முட்டியோட வரணும். மம்முட்டி கையில இருந்தா வேலைக்கு வந்த கணக்கு. இல்லன்னா உள்ள காலு வெக்கக் கூடாது."

அன்றிலிருந்து சேரிப் பெண்கள் பொழுது சாயும்போது ஒரு தோளில் மண்வெட்டி, இடுப்பில் குடம் என்று நந்தவனத்துக்குள் போனார்கள். தாட்சாயணிக்கு வேலை மாறியது. ஊற்றுவதற்குப் பதிலாகப் படலருகே நின்று மண்வெட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள். முனிரத்தினம் கூட்டத்தில் என்னிடம், "இத்தயும் எழுதிடுங்க டீச்சரம்மா. சேரி ஜனங்க உள்ள போயி அவங்க கையாலயே சேந்தறாங்கன்னு. சங்கத்து சாதனை" என்றார். பேனாவை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு செயலாளர் வேலையும் முடிந்தது.

கமலம்மாவோடும் சண்டை போட்டேன். "உனக்குச் சட்டம் கொடுத்த பாத்தியதைடி அது. தோட்டி வேலை செஞ்சுதான் வாங்கணுமா?"

அவள் கோபப்படவில்லை. "சட்டம் வரட்டும் டீச்சரம்மா, நான் வாணான்னு சொல்லல. புள்ளைக்கு தண்ணி இன்னிக்கி வேணும்." குழந்தை அவள் இடுப்பில் உட்கார்ந்து கரும்புச் சக்கையைச் சப்பிக்கொண்டிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. 

ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. தாட்சாயணி ஊற்றுவதை நிறுத்தியதால் என் குடமும் காலி. மறுநாள் சாயங்காலம் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பாஷை தெரியும், சட்டம் தெரியும், பலகையில் எழுதியிருப்பது என் எழுத்து. வெறுங்கையோடு உள்ளே போவேன், எவன் தடுக்கிறான் பார்க்கலாம் என்று போனேன்.

படலருகே தாட்சாயணி நின்றாள். முகத்தில் அதே பழைய சிரிப்பு. "டீச்சரம்மா, மம்முட்டி எடுத்தாரலயா?"

"எதுக்கு?"

 அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே முனிரத்தினத்தின் ஆள் ஒருவன் எழுந்து நின்றான். அவன் பக்கத்தில் சாணிக் கூடைகள் வரிசையாக, ஈரச்சாக்கு போட்டு மூடி, தயாராக இருந்தன. எனக்குப் பின்னால் சேரிப் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கமலம்மாவின் இடுப்பில் குழந்தை.

நான் ஓர் அடி எடுத்து வைத்தால் கூடை கவிழும். கவிழ்ந்தால் மறுபடியும் கால்வாய்த் தண்ணீர்.

கமலம்மா என் பக்கத்தில் வந்து தன் மண்வெட்டியை நீட்டினாள். "இத்தப் புடிங்க டீச்சரம்மா. நான் அப்பால வரேன்."

வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். தாட்சாயணி வழிவிட்டாள். மண்ணைக் கொத்துவது போல ஒரு பாவனை செய்துவிட்டு, அந்த ஊருக்கு வந்த பிறகு முதன்முதலாக என் கையால் ஒரு வாளி தண்ணீர் சேந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர், இளநீர் மாதிரி இருந்தது. அவ்வளவு அருவருப்போடு நான் எதையும் குடித்ததில்லை.